பெயர் மறந்த கதை

இளமையிற் படித்த ஒரு கதை, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் திடீரென்று நினைவிற்கு வருவதுண்டு. அதன் தலைப்பு நினைவில் இராது. எழுதியவர் பெயரும் இராது. எந்த நூலில், எந்தச் சஞ்சிகையில் அதைப் படித்தோம் என்பதும் மறந்திருக்கும். ஆனால் அக்கதையில் வந்த ஒரு காட்சி மட்டும் நேற்றுக் கண்டதுபோலத் தெளிவாக நிற்கும். அஃது என்ன கதை என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கும். விஞ்ஞானப் புனைகதைகளைப் படித்தவர்களிடம் இந்த அரிப்பு ஏனையோரிடம் இருப்பதிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. அதற்குக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுகின்றேன். அத்தகைய கதையொன்றை நான் தேடிச் சென்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

தேடியது எனக்காக அன்று. எனக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்காக. 1972 ஆம் ஆண்டில் நான் அவரிடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெப்பத்தைப் பற்றிய பாடம் நடந்தது. ஆசிரியரின் மேசையில் ஒரு கோப்பைத் தேநீர் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, "இந்தத் தேநீர் சற்று நேரத்தில் ஆறிப்போகும். ஆறிய தேநீர் தானாகவே மீண்டும் சூடேறியதை உங்களில் எவராவது கண்டதுண்டா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தேநீருக்கு உள்ள விதியே சூரியனுக்கும் உள்ளது என்றார். சக்தி அழிவதில்லை, ஆனால் அது எங்கும் பரவிப் பரவி, எந்த வேலைக்கும் உதவாத நிலையை அடைகின்றது. இவ்வாறு பரவிப்போதலை அளக்கும் அளவிற்கு விஞ்ஞானிகள் என்ட்ரொபி என்று பெயரிட்டிருக்கின்றனர். விண்மீன்கள் யாவும் ஒருநாள் அந்தத் தேநீரைப் போல ஆறிவிடும் என்று கூறி, கையிலிருந்த வெண்கட்டியை வைத்துவிட்டு, எங்களுக்கு ஒரு கதை சொன்னார்.

மனிதர் மிகப் பெரிய கணிப்பொறியொன்றை அமைத்தார்களாம். இந்த ஆறிப்போதலை மாற்ற வழியுண்டா என்று அதனிடம் கேட்டார்களாம். விடை கூறுவதற்குப் போதிய விவரங்கள் தன்னிடம் இல்லை என்றதாம் அந்தப் பொறி. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் கேட்டார்கள், அதே மறுமொழி. பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே மறுமொழி. இறுதியில், கடவுளைப் பற்றி அதனிடம் கேட்ட மனிதன் ஒருவனை மின்னல் தாக்கியது, வானத்து விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன, கதை முடிந்தது. "தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பொறியைப் போல இருங்கள்" என்பதே அவர் எங்களுக்குச் சொன்ன புத்திமதி. அதன்பின்னர் தாம் ஓய்வு பெறும்வரை, முப்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு வகுப்பிற்கும் இக்கதையை அவர் சொல்லி வந்தார்.

சென்ற ஆண்டில் அவரைக் காணச் சென்றிருந்தேன். இப்பொழுது அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. கண்பார்வை குன்றிவிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அவருடைய துணைவியார் காலமாகியிருந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருந்தவர், பல செய்திகளையும் பேசிய பின்னர், "தம்பி, அந்தக் கணிப்பொறிக் கதை ஞாபகமிருக்கிறதோ? அதை ஒருமுறை முழுதாகக் கேட்கவேண்டும்போல் இருக்கிறது. அதன் முடிவு எனக்குச் சரியாக நினைவில் இல்லை. தேடித் தருவீரோ?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் சொல்லிவந்த கதையின் முடிவு சரியாக நினைவில்லை என்கின்றாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. "தேடித் தருகிறேன், ஐயா" என்று வாக்களித்து வந்தேன்.

வாக்களித்தல் எளிது. கையில் இருந்த விவரங்களோ மிகச் சில. 1960களின் பிற்பகுதியில் அவர் கொழும்பிற் பணியாற்றியபொழுது, மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் அந்நூலை வாங்கினார். ஆங்கில நூல். அட்டையும் முதற் பக்கங்களும் கிழிந்திருந்தமையால் நூலின் பெயரை அவர் அறியவேயில்லை. பின்னர் ஓர் இடப்பெயர்வின்போது ஏனைய நூல்களுடன் அதுவும் தொலைந்துபோயிற்று.

எங்கே தொடங்குவது? இன்று பலரும் செய்வதையே நானும் முதலிற் செய்தேன். கேட்ட கேள்விக்கு மனிதரைப்போல மறுமொழி எழுதித் தரும் கணனிச் செயலிகள் இப்பொழுது வந்திருக்கின்றன அல்லவா? அவற்றுள் ஒன்றிடம் ஆசிரியர் சொன்ன கதையை அப்படியே எழுதிக் கேட்டேன். ஒரு நிமிடமும் ஆகவில்லை. கதையின் பெயர், எழுதியவர் பெயர், வெளிவந்த ஆண்டு மூன்றையும் சிறிதும் தயக்கமின்றித் தந்தது. மகிழ்ந்துபோனேன். அந்த எழுத்தாளரின் படைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அப்படியொரு கதையை அவர் எழுதவேயில்லை! மீண்டும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு பெயரைத் தந்தது; அதுவும் இல்லாத கதை. தனக்குத் தெரியாது என்று அது ஒருமுறையேனும் கூறவில்லை. ஆசிரியரின் கதையில் வந்த பொறியையும் இந்தப் பொறியையும் ஒப்பிட்டுப் பார்த்தபொழுது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் பிழை அந்தச் செயலியுடையது மட்டுமன்று. நான் கொடுத்த அடையாளங்கள் அத்தனைக்கும் பொருந்தும் கதையொன்றை அது தேடியது. அப்படியொரு கதை இருக்கின்றதா என்று நான் முதலில் ஐயுற்றிருக்க வேண்டும்.

மனித நினைவைப் பற்றி அறிஞர் ஒருவர் செய்த ஆராய்ச்சியை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருத்தமாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் பிரெடரிக் பாட்லெட் என்பவர், 1932 ஆம் ஆண்டில், நினைவுகூர்தல் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டுக்கதையொன்றை ஆங்கிலேயரிடம் படிக்கக் கொடுத்து, சிறிது காலங் கழித்தும், நெடுங்காலங் கழித்தும் அதை மீண்டும் எழுதும்படி அவர் கேட்டார். அக்கதையில் வந்த வள்ளங்களின் பெயர் மாறி, ஆங்கிலேயர் அறிந்த சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. விளங்காத பகுதிகள் விடுபட்டுப்போயின. அல்லது அவற்றிற்கு விளக்கங்கள் முளைத்தன. எழுதியவர்கள் பொய் கூறவில்லை. தாங்கள் மாற்றியதையே அவர்கள் அறியவில்லை. நினைவு என்பது பெட்டகத்தில் வைத்த பொருளை எடுப்பது போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்பதே அவர் கண்ட முடிவு. எனின், முப்பது ஆண்டுகள் ஆண்டிற்கு ஒருமுறை சொல்லப்பட்ட கதை எத்தனை முறை கட்டப்பட்டிருக்கும்!

விஞ்ஞானப் புனைகதைக்கு இந்த இடர் ஏனைய கதைகளிலும் அதிகம் என்று முன்னர் சொன்னேன். காரணம் இதுதான். இவ்வகைக் கதைகளுக்கெனவே அமெரிக்காவில் முதன்முதலாக 1926 ஆம் ஆண்டில் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் சஞ்சிகை தொடங்கப்பட்டது. பின்னர் அதைப்போலப் பல தோன்றின. மலிவான தாளில் அச்சிட்டு, வாசித்தபின் எறிந்துவிடத்தக்கவையாக அவை வந்தன. அவற்றில் வெளியான சிறுகதைகளிற் பல, ஒரேயொரு கருத்தைத் தூணாக நாட்டி, அதன்மேற் கட்டப்பட்டவை. கதைமாந்தரின் பெயரும் குணமும் அவ்வளவு முக்கியமல்ல. ஆதலால் வாசகர் மனத்தில் கருத்து நிலைத்துவிடும், பெயர்கள் உதிர்ந்துவிடும். அன்றியும், ஒருவர் எடுத்தாண்ட கருத்தை இன்னொருவர் எடுத்து வேறு வகையில் முடிப்பது அத்துறையில் வழக்கமாக இருந்தது. ஒரே சாயலுள்ள கதைகள் பல பிறந்தமைக்கு அதுவே காரணம்.

கதைகளின் பெயர்களும் நிலையாக நின்றனவல்ல. ஆதர் சி. கிளார்க் 1948 ஆம் ஆண்டிலே பி.பி.சி. நடத்திய போட்டிக்காக எழுதிய ‘காவலாளி’ என்ற கதை, 1951 ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சேறியபொழுது ‘நித்தியத்தின் காவலாளி’ என்னும் பெயரோடு வந்தது. எழுத்தாளர்களும் பெயர் மாற்றிக்கொண்டனர். மரி லைன்ஸ்டர் என்ற புனைபெயரிற் புகழ்பெற்ற வில்லியம் ஜென்கின்ஸ், 1946 ஆம் ஆண்டில் ‘அஸ்டவுண்டிங்’ சஞ்சிகையில் ஒரு கதையைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார். வீடுதோறும் கணிப்பொறி இருந்து, கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைச் சொல்லிக் கொடுப்பதால் விளையும் குழப்பமே அக்கதையின் பொருள். புனைபெயரை மட்டும் அறிந்தவர் அதனை எவ்வாறு தேடிக் காண்பார்?

இத்துறை ஆர்வலர்கள் இதற்கென்று அட்டவணைகள் தொகுத்திருக்கின்றனர். டொனால்ட் டே என்பவர், 1926 முதல் 1950 வரை வெளிவந்த சஞ்சிகைகளுக்கான அட்டவணையை 1952 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வில்லியம் கொன்டென்டோ என்பவர், தொகுப்பு நூல்களிலுள்ள கதைகளுக்கான அட்டவணையை 1978 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1995 ஆம் ஆண்டு முதல், ஆர்வலர்கள் கூடி வளர்த்துவரும் பெரிய அட்டவணையொன்று இணையத்தில் இருக்கின்றது. ஒரு கதை எந்தச் சஞ்சிகையில் முதலில் வந்தது, பின்னர் எந்தெந்த நூல்களிற் சேர்ந்தது, எந்தெந்தப் பெயர்களில் உலவியது என்பனவற்றையெல்லாம் அதிற் காணலாம். இவை போற்றத்தக்க உழைப்புகள். ஆனால் தலைப்போ ஆசிரியர் பெயரோ தெரிந்தவனுக்கே இவை வாய் திறக்கும். கதையை மட்டும் அறிந்தவனுக்கு இவை பெரும்பாலும் ஊமை.

ஆகவே, ஆசிரியரிடமே திரும்பிச் சென்றேன். அவர் சொன்ன கதையை ஐந்து அடையாளங்களாகப் பிரித்து ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, மாபெரும் கணிப்பொறி. இரண்டு, காலந்தோறும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரே கேள்வியும், போதிய விவரமில்லை என்ற ஒரே மறுமொழியும். மூன்று, கடவுளைப் பற்றிய பேச்சு. நான்கு, கேட்டவனைத் தாக்கும் மின்னல். ஐந்து, ஒவ்வொன்றாக அணையும் விண்மீன்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, "இது உறுதிதானா, ஐயா?" என்று கேட்டேன். இரண்டாவதைக் கேட்டதும், "அது சத்தியம்" என்றார். மற்றவற்றிற்கு, "அப்படித்தான் நினைவு" என்றார். இவ்விரண்டு மறுமொழிகளுக்கும் இடையே எத்துணை வேறுபாடு இருக்கின்றது என்பதை அப்பொழுதுதான் கவனித்தேன். அந்நாளிற் கைக்குக் கிடைத்த விஞ்ஞானக் கதைத் தொகுப்புகள் பலவற்றைத் தாம் படித்ததாகவும் அவர் கூறினார். அதுவும் எனக்குப் பின்னர் உதவிற்று.

முதலில் விண்மீன்களைப் பின்தொடர்ந்தேன். அது என்னை நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடைய ஒருவரிடம் கொண்டுசேர்த்தது. 1956 ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 ஆம் ஆண்டில் கொழும்பிலே காலமான ஆதர் சி. கிளார்க்கே அவர். இங்கு குடியேறுவதற்கு முன்னர், 1953 ஆம் ஆண்டில், பிரெட்ரிக் போல் தொகுத்த நூலொன்றில், ‘கடவுளின் தொள்ளாயிரங் கோடி நாமங்கள்’ என்ற சிறுகதையை அவர் வெளியிட்டார். திபெத்திய மடமொன்றின் துறவிகள், இறைவனுக்குரிய எல்லா நாமங்களையும் எழுதி முடிப்பதைத் தம் கடமையாகக் கொண்டிருக்கின்றனர். கையால் எழுதினால் 15,000 ஆண்டுகள் ஆகும். கணிப்பொறியொன்றை வாடகைக்கு எடுத்து, 100 நாட்களில் அதனை முடிக்க முற்படுகின்றனர். நாமங்கள் யாவும் எழுதப்பட்டதும் உலகின் நோக்கம் நிறைவேறிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பொறியை இயக்கிய மேனாட்டவர் இருவர் அதை நம்பாமல் மலையிலிருந்து இறங்கி வருகின்றனர். அவ்வேளை தலையை உயர்த்திப் பார்த்தால், விண்மீன்கள் ஓசையின்றி அணைந்துகொண்டிருக்கின்றன.

இதுதான் கதை என்று துள்ளினேன். ஆனால் தாளை எடுத்துப் பார்த்தால், ஆசிரியர் சத்தியம் என்று சொன்ன அந்த இரண்டாவது அடையாளம் இதில் இல்லை. இந்தப் பொறியிடம் எவரும் கேள்வி கேட்கவுமில்லை. அது மறுமொழி சொல்லவுமில்லை.

அடுத்து மின்னலைப் பின்தொடர்ந்தேன். பிரெட்ரிக் பிரவுண் என்ற அமெரிக்க எழுத்தாளர், 1954 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் தொகுதியொன்றில், ‘விடை’ என்ற மிகச் சிறிய கதையைச் சேர்த்திருக்கின்றார். ஒரு பக்கம், அவ்வளவே. மக்கள் வாழும் 9,600 கோடிக் கோள்களின் கணிப்பொறிகள் யாவும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. கடவுள் உண்டா என்ற கேள்வி அதனிடம் முதலிற் கேட்கப்படுகின்றது. இப்பொழுது உண்டு என்ற பொருளில் அது விடை தருகின்றது. அஞ்சியவன் அதனை நிறுத்த ஓடுகின்றான். முகிலற்ற வானத்திலிருந்து இறங்கிய மின்னல் அவனை வீழ்த்துகின்றது. இங்கே கணிப்பொறி உண்டு, கேள்வி உண்டு, கடவுள் உண்டு, மின்னல் உண்டு. ஐந்தில் நான்கு கிடைத்துவிட்டன என்று இரண்டாம் முறையும் துள்ளினேன். ஆனால் இந்தப் பொறி தெரியாது என்று சொல்லவில்லையே! கேட்டவுடன் விடை சொல்லிவிடுகின்றது. ஆசிரியரின் பொறிக்கு நேர் எதிரானது இது.

மூன்றாவதாகக் கிடைத்ததே ஐசாக் அசிமோவ் எழுதிய ‘இறுதி வினா’. ஆங்கிலத்தில் ‘த லாஸ்ட் குவெஸ்ச்சன்’ என்பர். 1956 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ‘சயன்ஸ் ஃபிக்சன் குவாட்டர்லி’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. 2061 ஆம் ஆண்டில், மது அருந்திய இரு தொழில்நுட்பவியலாளர் ஐந்து டொலர் பந்தயம் கட்டி, என்ட்ரொபியை மாற்றியமைக்க முடியுமா என்று மல்ட்டிவாக் என்னும் பெரும் பொறியிடம் கேட்கின்றனர். போதிய விவரங்கள் இல்லை என்கின்றது அது. பின்னர் காலம் தாவித் தாவிச் செல்கின்றது. மனிதர் வேறு கோள்களுக்குக் குடிபெயர்கின்றனர். விண்மீன் கூட்டங்களை நிறைக்கின்றனர். உடலை விட்டு மனமாக மட்டும் வாழ்கின்றனர். பொறியும் மாறிக்கொண்டே வருகின்றது. முதலிற் பல மைல் நீளமாகக் கிடந்தது, பின்னர் கப்பலொன்றிற்குள் அடங்குகின்றது. இறுதியில் இவ்வெளிக்கும் அப்பால் நிற்கின்றது. ஒவ்வொரு காலத்திலும் அதே கேள்வி, அதே மறுமொழி.

இக்கதையைப் பற்றி அசிமோவ் கூறிய செய்தியொன்று எனக்குப் பெரும் ஆறுதலாயிற்று. தாம் எழுதிய சிறுகதைகளுள் தமக்கு மிகவும் பிடித்தது இதுவே என்று கூறியவர் அவர். ஆயினும் வாசகர்கள் இதன் தலைப்பை மறந்துவிடுவர். எழுதியவர் அசிமோவ்தானா என்பதும் அவர்களுக்கு ஐயமாகவே இருக்கும். கதையை மட்டும் மறவார். ஒருமுறை தொலைதூரத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அவரை அழைத்து, நீங்கள் எழுதியதென நினைக்கும் ஒரு கதை, அதன் தலைப்பு நினைவில்லை என்று தொடங்கினாராம். அவர் மேலே பேசுமுன்னரே, அது ‘இறுதி வினா’ என்று அசிமோவ் கூறிவிட்டார். கதையைச் சொல்லிப் பார்த்தால் அதுவேதான்! ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மனத்தைப் படிக்கவல்லவர் இவர் என்று அழைத்தவர் எண்ணியிருப்பார் என்று அசிமோவ் வேடிக்கையாக எழுதியிருக்கின்றார். ஆகவே, நம் ஆசிரியர் தனித்தவர் அல்லர். பெயரை இழந்து கதையைக் காத்தவர் பலர்.

எனினும், நேயர்களே, இரண்டு முறை துள்ளி இரண்டு முறையும் ஏமாந்தவன் நான். மூன்றாம் முறையும் என் மனம் விரும்பியதையே நான் கண்டிருக்கலாம் அல்லவா? கதைக்கு வெளியே ஒரு சான்று வேண்டும் என்று தோன்றியது. நூலுக்கு அட்டை இல்லாவிட்டால் என்ன? அதே நூலில் வேறு கதைகள் இருந்திருக்குமே! தொலைபேசியில் ஆசிரியரை அழைத்து, "ஐயா, அதே புத்தகத்திற் படித்த வேறு கதை ஏதேனும் நினைவிருக்கிறதோ?" என்று மட்டும் கேட்டேன். அசிமோவின் பெயரையோ, நூலின் பெயரையோ நான் உச்சரிக்கவில்லை. சற்று யோசித்தார். "ஓமோம், ஒன்று உண்டு. எதிர்காலத்தில் மனிதர் எல்லாரும் கணக்கை மறந்துவிடுவார்கள். பொறிதான் செய்யும். ஒருவன் தாளிலே பெருக்கிக் காட்டுவான். பெரிய மனிதரெல்லாம் அதை நம்பாமல் திகைத்து நிற்பார்கள். அந்தக் கதையையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேனே, வாய்பாடு படிக்காதவர்களுக்கு!" என்றார்.

அது அசிமோவ் எழுதி 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆற்றலின் உணர்வு’ என்னும் கதை. அதுவும் ‘இறுதி வினா’வும், 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஒன்பது நாளைகள்’ என்னும் அசிமோவின் தொகுதியில் ஒருங்கே இருக்கின்றன. ‘நைன் டுமாரோஸ்’ என்பது அதன் ஆங்கிலப் பெயர். மருதானையில் வாங்கிய, அட்டையற்ற அந்நூல் இதுவாகவே இருக்கவேண்டும். அப்பொழுது நான் துள்ளவில்லை. தாளில் இரண்டாவது அடையாளத்திற்கு நேரே ஒரு கோடிட்டேன். போதிய விவரம் கிடைத்துவிட்டது.

அத்தொகுதியின் பழைய பிரதியொன்றைத் தேடிப் பெற்று, ஆசிரியர் வீட்டிற்குச் சென்றேன். விறாந்தையில் அமர்ந்து, ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் பெயர்த்து வாசித்தேன். இரண்டாவது அடையாளம் வந்தபொழுதெல்லாம் புன்னகையோடு தலையசைத்தார். விண்மீன்கள் மங்கி, இருள் பரவும் இடம் வந்ததும் கண்களை மூடிக்கொண்டார். அவருடைய நினைவில் கதை அவ்விடத்தில் முடிந்திருந்தது. அச்சில் இருந்த கதை முடியவில்லை.

விண்மீன்கள் யாவும் அணைந்தன. கேட்ட மனித குலமும் இல்லை; காலமும் இடமும் இல்லை. ஆனால் கேள்வி எஞ்சியிருந்தது. விடை சொல்லாமற் பொறி ஓய மறுத்தது. தன்னிடம் சேர்ந்த விவரம் அனைத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்திப் பார்த்து, இறுதியில் விடையைக் கண்டது. சொல்லுவதற்கு எவரும் இல்லை. ஆதலால் செய்து காட்டியது. வேதாகமத்தின் முதல் ஏட்டில் இறைவன் ஒளியை அழைக்கும் அதே கட்டளையை அது இட்டது, ஒளி பிறந்தது. அங்கேதான் கதை முடிகின்றது.

வாசித்து முடித்தபின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர், "விடை கிடைத்துவிட்டதோ?" என்றார். "கிடைத்தது, ஐயா" என்றேன். "அப்படியென்றால் மின்னல் எங்கே?" என்று கேட்டார். பிரவுணின் ஒரு பக்கக் கதையையும், கிளார்க்கின் கதையின் கடைசிப் பகுதியையும் வாசித்துக் காட்டினேன். வாய்விட்டுச் சிரித்தார். "மூன்று கதைகளையும் ஒன்றாகப் பிசைந்து வைத்திருக்கிறேன், பாரும்" என்றார். சிரிப்பு அடங்கியதும், "முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். தாங்கள் சொன்ன பகுதியில் பிழையில்லை என்று கூற வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, கடைசிப் பக்கத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். உள்ளே சுவரில் அம்மையாரின் படத்தின்முன் சிறு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அக்கதையின் முடிவை அவர் ஏன் இவ்வளவு காலத்திற்குப் பின்னர் தேடினார் என்று அன்றும் நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இத்தகைய கதையொன்றைத் தேடும் பெரியவர் இருத்தல் கூடும். அவருக்கு உதவ விரும்பினால், அவர் சொல்வதை முதலில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உறுதியானதையும் ஐயமானதையும் அவர் வாயாலேயே பிரிக்கச் செய்யுங்கள். உங்கள் ஊகத்தை அவர் காதிற் போடாதீர்கள். போட்டால் அது அவர் நினைவாகிவிடும். கதையை மட்டும் கேட்காமல், எப்பொழுது, எங்கே, எத்தகைய நூலில், அருகில் வேறு என்ன கதை என்றெல்லாம் கேளுங்கள். பொருந்துவது போன்ற கதை கிடைத்தால், சுருக்கத்தைக் கண்டு திருப்தியடையாமல், கதையையே முழுதாக வாசியுங்கள். பொறி தந்த பெயரானாலும் நண்பர் தந்த பெயரானாலும், அட்டவணையிற் சரிபாருங்கள். சான்று போதாதவிடத்து, போதாது என்று கூறிவிட்டுத் தேடலைத் தொடருங்கள். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

இறுதியாக ஒன்று. இவ்வுரையை ஆற்றப் போகின்றேன் என்று ஆசிரியரிடம் தெரிவித்தபொழுது, ஒரு செய்தியைத் தம் பழைய மாணவர்களுக்குச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் இன்று எந்தெந்த நாட்டில் இருக்கின்றார்களோ, நான் அறியேன். இவ்வொலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருப்போர் மற்றையோருக்கும் அறிவிக்கவேண்டும். தேநீர்க் கோப்பையைக் காட்டி அவர் சொன்ன அந்தக் கதையில் மின்னல் இல்லையாம். விண்மீன்கள் அணைவது உண்மைதானாம். ஆனால் கதை அத்துடன் முடிவதில்லையாம். அந்த வகுப்பில் இருந்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளவும்.